சோடியாகச் சைக்கிளில் திருகோணமலை: வீடுகளில் தங்கிப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நானும் கணவரும் திருகோணமலைக்காரர். லீவு கிடைத்தால் இரண்டு சைக்கிளையும் எடுத்துக்கொண்டு குச்சவெளிப் பக்கமோ வெருகல் பக்கமோ வெளிக்கிட்டுவிடுவோம். ஹோட்டலில் தங்குவது குறைவு. தெரிந்தவர் வீடு, தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வீடு என்றுதான் பயணம் போகும். எங்கள் வீட்டிலும் சைக்கிள்காரர் வந்து தங்குவார்கள். இதனால் கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும்கூட எங்களைப் பிடித்து வைத்து ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே போட்டு, பதிலும் எழுதியிருக்கிறேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடலாம்? நாங்கள் சும்மா கடைக்குப் போய்வாற அளவுக்குத்தான் ஓடுறனாங்கள்.

ஐம்பது கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் கால் ஓடும். ஆனால் தூரத்தைத் தீர்மானிப்பது காலில்லை, வெயிலும் அன்றிரவு தங்கப்போகும் வீடும்தான். விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டால் பத்தரைக்குள் முக்கால்வாசி முடிந்துவிடும். பிறகு மூன்றரை மட்டும் ஒரு கோயில் மண்டபமோ தேத்தண்ணிக் கடையோ பார்த்து இருந்துவிட்டு, மிச்சத்தைப் பின்னேரம் ஓடலாம்.

நகரத்திலிருந்து நிலாவெளி 15 கிலோமீற்றர் அளவில் வரும். குச்சவெளி 35க்குக் கிட்ட, புல்மோட்டை 55 சொச்சம், கந்தளாய் 40. மூதூர் பாலங்கள் வழியாக 30 சொச்சம். மட்டக்களப்பு ஏ15 வீதியால் 130 அளவில். அதை ஒரே நாளில் ஓடி முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் இதை வாசிக்கத் தேவையில்லை. புதியவர்கள் முதலில் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை நிலாவெளிக்குச் சுமையோடு போய்வந்து பாருங்கள். சுமை இல்லாமல் ஓடிப் பார்த்த பழக்கம் பயணத்தில் உதவாது.

எந்த மாசம் நல்லம்?

ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வேண்டாம். வாடைமழைக் காலம் அது. மகாவலி பெருகினால் மூதூர், வெருகல் பக்கத்துத் தாழ்ந்த வீதிகளில் தண்ணீர் ஏறிவிடும். எங்களுக்குப் பிடித்தது பெப்ரவரியும் மார்ச்சும். குளமெல்லாம் நிறைந்து கிடக்கும், வெயிலும் இன்னும் கொதிக்கத் தொடங்கியிருக்காது.

ஏப்ரலிலிருந்து செப்ரெம்பர் வரையும் ஓடலாம். ஆனால் ஜூனுக்குப் பிறகு கச்சான் காற்று இருக்கிறது. தென்மேற்கிலிருந்து தரையைக் கடந்து வருகிற காய்ந்த சூட்டுக் காற்று. உதடு வெடிக்கும், போத்தல் தண்ணீர் சுடும். அந்த மாதங்களில் நகரத்திலிருந்து கந்தளாய், ஹபரணைப் பக்கம் போனால் முழுக்க எதிர்க்காற்று. அதே வீதியில் ஹபரணையிலிருந்து திருகோணமலைக்கு வந்தால் காற்றே தள்ளிக்கொண்டு வரும். ஆகவே கொழும்பு, கண்டிக்காரர் கச்சான் காலத்தில் உள்நாட்டிலிருந்து கடலுக்கு ஓடி, திரும்பும்போது ரயிலையோ பஸ்ஸையோ பிடியுங்கள்.

முதல் பயணத்துக்கு எந்தப் பாதை லேசு?

வடக்கே, புல்மோட்டை வீதி. உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், குச்சவெளி என்று கடலை விட்டு அதிகம் விலகாமல் போகும். பெரிய ஏற்றம் இல்லை, கடைகள் நெருக்கமாக இருக்கும். முதல் நாள் குச்சவெளியில் தங்கி, அடுத்த நாள் புல்மோட்டை பார்த்துத் திரும்பலாம். புல்மோட்டைக் கரையில் இல்மனைற் என்கிற தாது கலந்த மணல் கறுத்துக் கிடக்கும். வெயிலில் அதில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம், சுட்டுப்போடும்.

தெற்கே போகிற பாதை அதைவிட வடிவு என்பது என் கட்சி. கணவர் ஒத்துக்கொள்ள மாட்டார், அவர் கடல் ஆள். சீனக்குடாவைச் சுற்றி வந்து கிண்ணியாப் பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் தண்ணீர். 2009 ஒக்டோபரில் திறந்த பாலம், 396 மீற்றர் நீளம். அதற்கு முன் அந்த இடத்தில் வாகனமும் சனமும் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரை போக வேண்டும். மூதூர்க்காரர் நகரத்துக்கு வரப் படகு பார்த்து நின்ற காலம் போய், அடுத்தடுத்த பாலங்கள் வந்த பிறகுதான் இந்த வீதி சைக்கிளுக்குத் தோதானது. மூதூர் தாண்டி ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என்று போகும்போது வீடுகள் ஐதாகிவிடும். அங்கே இரண்டு போத்தல் தண்ணீர் காணாது. தாகம் தெரிவதற்கு முன்பே குடித்துக்கொண்டு ஓடுங்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஒரு ஜீவனிப் பக்கற்றும் பையில் இருக்கட்டும்.

மேற்கே அநுராதபுர வீதியில் கன்னியா வெந்நீர் ஊற்று மட்டும் ஓடிப் பார்த்துவிட்டு வரலாம். ஏழு கிணறு, ஏழிலும் சூடு வேறு வேறு. பயணத்தின் கடைசி நாளில் போய் வாளியால் அள்ளி முழங்காலில் ஊற்றிக்கொண்டால் நோவுக்கு இதம். அதற்கப்பால் பன்குளம், ஹொரவப்பொத்தானை வழி நீண்ட காட்டுப் பாதை. அது முதல் பயணத்துக்கில்லை.

கியர் சைக்கிள் வேணுமே? வீட்ட கிடக்கிற லுமாலா காணாதே?

காணும். இங்கே மலை இல்லை. பழைய சைக்கிளைக் கடையில் கொடுத்து பெயாரிங்குக்குக் கிறீஸ் போட்டு, பிறேக் கட்டை மாற்றி, சங்கிலி பார்த்தால் போதும். கரியரை மட்டும் கம்பி தடித்ததாகப் போடுங்கள். சாமானை உரப்பைக்குள் போட்டு, பழைய டியூபைக் கீலமாக வெட்டிக் கட்டினால் விலைகூடின பைகளுக்கு அது ஒன்றும் குறைந்ததில்லை. ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். துவாய், இரண்டு மாற்றுடுப்பு, மருந்து, டியூப், பம்ப், டோர்ச். சமையல் சாமான் கொண்டுபோக வேண்டாம், வீடுகளில் தங்கப்போகிறீர்கள்.

டயர் அளவில்தான் ஆக்கள் மாட்டுப்படுகிறார்கள். பக்கச் சுவரில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 28 × 1½ என்று பின்னமாக இருந்தால் றிம் 635 மில்லிமீற்றர். 28 × 1.50 என்று தசமத்தில் இருந்தாலோ 700சி என்று இருந்தாலோ அது 622. இரண்டும் 28தானே என்று வாங்கினால் ஏறாது. 26இலும் இதே கூத்து: 26 × 1⅜ என்றால் 590, 26 × 1.75 என்றால் 559. கிராமத்துக் கடையில் 28 × 1½உம் 26 × 1.75உம் லேசாகக் கிடைக்கும். 700சிக்கு அலைச்சல்தான். வெளிநாட்டுச் சைக்கிள்களில் மெல்லிய பிறெஸ்ரா வால்வ் இருந்தால் கடைப் பம்ப் பிடிக்காது. அதற்குத் திருகுகிற சின்னப் பித்தளை மூடி ஒன்று இருக்கிறது, சாவிக்கொத்தில் கோத்து வையுங்கள்.

தெரியாத ஆக்கள்ட வீட்டில எப்பிடித் தங்கிறது? ஆர் விடுவினம்?

முழுக்கத் தெரியாத ஆளின் வீட்டுக்கு ஒருவரும் போவதில்லை. இடையில் ஒரு கை இருக்கும். உங்களோடு வேலை செய்கிறவரின் பெரியம்மா நிலாவெளியில் இருப்பார். அவருடைய மகனோடு படித்தவர் வெருகலில் ஆசிரியராக இருப்பார். இப்படி ஒரு சங்கிலியைப் பிடித்து, அந்த நடு ஆளை முதலில் போன் எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் நேரே எடுத்தால் அந்தப் பக்கம் தயங்கும். நடு ஆள் எடுத்தால் “வரச் சொல்லு” என்று ஒரு சொல்லில் முடியும். அதற்குப் பிறகு நீங்கள் எடுத்து இன்னாரின் இன்னார், இத்தனை பேர், இந்த நாள், ஒரு இரவு என்று நான்கையும் சொல்ல வேண்டும். “ஒரு இரவு” என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் அவர்களுக்கு மனம் ஆறும்.

சங்கிலி இல்லாத ஊரில் கோயில் நிர்வாகத்திடமோ பங்குத் தந்தையிடமோ கேட்கலாம். மண்டபத்தில் படுக்க இடம் கிடைக்கும், பல நேரம் அங்கே கேட்ட பிறகு யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். இணையத்தில் வார்ம்சவர்ஸ் என்று சைக்கிள்காரருக்கே ஆன ஒன்று இருக்கிறது, கவுச்சர்பிங்கும் இருக்கிறது. காசில்லாமல் வீட்டில் தங்க வைக்கிறவர்களின் வலை. வெளிநாட்டவர் இவற்றால்தான் எங்களிடம் வருகிறார்கள். நம்மூர்ப் பயணத்துக்கு அவற்றைவிடப் பெரியம்மாக்களின் வலை பெரிது.

வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரவேணும்?

5 மணிக்கு முன். இந்த முழுப் பக்கத்திலும் ஒன்றைத்தான் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள். வீட்டில் தங்குகிற பயணத்தில் மணிக்கூடு உங்களுடையதில்லை, வீட்டுக்காரருடையது. நீங்கள் ஏழரைக்குப் போய் நின்றால் அந்த அம்மா நான்கு மணியிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பார். இடியப்பம் ஆறியிருக்கும், பிள்ளைகள் சாப்பிடாமல் காத்திருப்பார்கள், வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்கு வந்து பார்த்திருப்பார். நீங்கள் அனுபவித்துப் பார்த்த சூரிய அஸ்தமனம் அவர்களுக்கு ஒரு பின்னேரத்தைத் தின்றிருக்கும்.

மத்தியானம் ஒரு போன் எடுத்து எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பிந்தும் என்று தெரிந்தால் அப்போதே சொல்லுங்கள். வரவே ஏலாது என்றால் 3 மணிக்கு முன் சொல்லுங்கள், அதற்குப் பிறகு மீன் வாங்கிவிடுவார்கள். மிக முந்திப் போவதும் சரியில்லை. ஒரு மணிக்குப் போய் நின்றால் மத்தியானச் சாப்பாட்டுக்கும் சேர்த்து உலை வைக்க வேண்டும்.

போன உடனே என்ன செய்யிறது?

படலையில் நின்று மணியடியுங்கள், உள்ளே ஓடிப்போகாதீர்கள். நாய் இருக்கும். பெரியவரோடு முதலில் கதையுங்கள். அம்மா, ஐயா, அக்கா, அண்ணை என்று அழைத்தால் பாதிப் பழக்கம் வந்துவிடும். கிணற்றடியிலோ குழாயடியிலோ கால் கழுவிவிட்டு ஏறுங்கள். அதற்குள் தேத்தண்ணி வந்திருக்கும். சீனி வேண்டாம் என்றால் போட முதல் சொல்ல வேண்டும். வந்த பிறகு சொன்னால் இன்னொன்று ஊற்றப் போவார்கள்.

சைக்கிளைப் பூட்டத் தேவையில்லை என்று சொல்வார்கள். எங்கே விடச் சொல்கிறார்களோ அங்கே விட்டுவிட்டுப் பூட்டுங்கள். ஒருவரும் தப்பாக எடுப்பதில்லை.

தங்கினதுக்குக் காசு குடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். கையில் திணித்தால் முகம் மாறிவிடும். வெறுங்கையோடு போகவும் வேண்டாம். கடைசிச் சந்தியில் ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்குங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கொப்பி, பென்சில். நாங்கள் நகரத்திலிருந்து போகும்போது அந்த ஊரில் கிடைக்காத ஏதாவது மருந்து, கண்ணாடி, போன் வயர் வேண்டுமா என்று முதல் நாளே கேட்போம். சில வீடுகளில் அதைத்தான் பெரிய உதவி என்று சொல்வார்கள். காசையும் அவர்களே வற்புறுத்தித் தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். அது வேறு கணக்கு.

கஷ்டப்பட்ட வீடு என்று தெரிந்தால் அரிசியோ பருப்போ ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போய், இரண்டு பேருக்கும் அதிலேயே சமையுங்கோ என்று சொல்லிக் கொடுங்கள். பிள்ளையின் கையில் காசு வைப்பதை நான் விரும்புவதில்லை. ஆனால் வயதான ஆக்கள் வைப்பதைத் தடுக்கவும் ஏலாது.

நாங்கள் மரக்கறி. சொன்னா ஒரு மாதிரி நினைப்பினமா?

முதல் போனிலேயே சொன்னால் ஒருவரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை மச்சம் (மீன், இறைச்சி) காய்ச்சாத வீடுகள் நிறைய. கோயில் திருவிழாக் காலத்தில் ஊரே மரக்கறியாக இருக்கும். சொல்லாமல் போய், நண்டுக் குழம்பு வைத்த பிறகு சொல்வதுதான் கொடுமை. வாவி நண்டு என்றால் அந்த வீட்டுக்காரர் விடிய எழும்பிக் கரைக்குப் போய் வாங்கியிருப்பார். நண்டு தின்கிறவர்கள் அந்த வீட்டில் வெட்கப்படாமல் கையால் உடைத்துத் தின்னுங்கள்.

அள்ளி அள்ளிப் போடுவதை நிறுத்த ஒரே வழி, முதலே குறைவாகப் போடச் சொல்லி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுவது. முதல் தடவையே நிறையப் போட்டு மிச்சம் வைத்தால் ருசியில்லையோ என்று சமைத்தவருக்கு மனம் கிடந்து அடிக்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் என்றால் கடைசியில் சட்டித் தயிர் வரும். அதற்கு வயிற்றில் இடம் விடுங்கள். விடிய ஓடப்போகிறவர்கள் பாணி கொஞ்சம் கூட விட்டாலும் பரவாயில்லை.

முஸ்லிம் ஊர்களில தங்கும்போது வேற என்ன கவனிக்கவேணும்?

கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டை எல்லாம் உபசரிப்பில் எங்களை வெட்கப்பட வைக்கிற ஊர்கள். நானா, ராத்தா என்று அழைத்துக் கதையுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், தண்ணீரை அதற்கு முன் நிரப்புங்கள். நோன்பு மாதத்தில் பகலில் வீதியில் நின்று தின்ன வேண்டாம். ஆனால் நோன்பு திறக்கிற நேரம் யாருடைய வீட்டிலாவது மாட்டினால் நீங்கள் தப்ப ஏலாது, கஞ்சி குடித்துத்தான் எழும்ப வேண்டும்.

சில வீடுகளில் ஆண்கள் முன் ஹோலிலும் பெண்கள் உள்ளேயும் இருந்து சாப்பிடுவார்கள். சோடியாகப் போனவர்கள் அதற்குக் குழம்பத் தேவையில்லை. எனக்கு உள்ளே கிடைக்கிற கதை அவருக்கு வெளியே கிடைப்பதில்லை. விருந்து வீடு என்றால் சகனில், ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து சாப்பிடுவார்கள். உங்கள் முன்னால் இருக்கிற பக்கத்தில் மட்டும் கை வையுங்கள்.

பொம்பிளை சைக்கிள் ஓடிக்கொண்டு போனா ஊர் என்ன சொல்லும்? என்ன உடுப்புப் போடுறது?

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் எந்த வீதியிலும் நின்று பாருங்கள், பாதிச் சைக்கிள் பெண்பிள்ளைகளுடையதுதான். சைக்கிள் ஓடுவதை ஒருவரும் பார்ப்பதில்லை. ஐம்பது கிலோமீற்றர் ஓடி வந்திருக்கிறாள் என்பதைத்தான் பார்ப்பார்கள். “ஏன் பிள்ளை, பஸ் இல்லையோ?” என்று நிறையக் கேட்டிருக்கிறேன்.

முழங்கால் மறைகிற தளர்ந்த காற்சட்டை, முழுக்கைச் சட்டை, தொப்பி. வெயிலுக்கும் அதுதான் நல்லது. துப்பட்டா சங்கிலியில் மாட்டும், பையில் மடித்து வைத்துக் கோயிலுக்கும் வீட்டுக்கும் எடுங்கள். கோணேசர் கோயிலுக்குப் போவதென்றால் விடியப் போங்கள், ஒரு மாற்றுடுப்போடு. பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் மான்கள் திறந்த பையை விட்டுவைக்காது.

குளிப்பு, கழிப்பறை எல்லாம் எப்பிடி?

கழிப்பறை எல்லா வீட்டிலும் இருக்கும், பெரும்பாலும் வெளியே தனியாக. இருட்டில் போவதற்கு டோர்ச்சைத் தலைமாட்டில் வையுங்கள். வீதியில் என்றால் எரிபொருள் நிலையம், கோயில், பள்ளிக்கூடம். பெண்கள் இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓடுவது வழக்கம். செய்யாதீர்கள்.

குளிப்பு பல இடங்களில் கிணற்றடியில்தான். ஒரு குறுக்குக்கட்டுத் துணி கொண்டுபோங்கள், வீட்டுப் பெண்களோடு சேர்ந்து போனால் மறைப்பும் கிடைக்கும், வாளி இழுக்க ஆளும் கிடைக்கும். கடலோரக் கிணறுகளில் தண்ணீர் கொஞ்சம் உவர், சவர்க்காரம் நுரைக்காது. உடனே குளிக்காமல் வியர்வை ஆறட்டும் என்று பத்து நிமிடம் இருத்தி வைப்பார்கள். சொல் கேளுங்கள்.

கலியாணம் முடிக்காத சோடி தங்கலாமா?

நம்மூர்ச் சோடி என்றால் வீடுகளில் வேண்டாம். வீட்டுக்காரருக்கு அயலுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும், அந்தச் சங்கடத்தை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. பொய் சொல்லித் தங்குவதும் வேண்டாம். எப்போது கலியாணம், எந்தக் கோயில், தாலி எத்தனை பவுண் என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும். கெஸ்ட் ஹவுஸ் இருக்கிற உப்புவெளி, நிலாவெளிப் பக்கமாகப் பாதையைப் போடுங்கள்.

வெளிநாட்டுச் சோடி என்றால் அநேகமாக ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் ஆம்பிளையை ஒரு அறையிலும் பொம்பிளையை ஒரு அறையிலும் வைத்து மரியாதையைக் காப்பாற்றிவிடுவார்கள்.

அறை என்றதும் ஒன்று. வீட்டில் இருக்கிற ஒரே அறையை உங்களுக்குத் தந்துவிட்டு அவர்கள் ஹோலில் பாய் போட்டுப் படுப்பார்கள். ஒரு முறை மறுத்துப் பாருங்கள். இரண்டாம் முறையும் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை மறுத்தால் அது சண்டை.

யானை வருமே?

வரும். ஏ6 வீதியில் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில், பன்குளம் பக்கம், சேருவில, அல்லைக் காட்டு வீதிகளில். காலை 7 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் இந்தத் துண்டுகளில் ஓட வேண்டாம். முதல் பதிலில் 5 மணிக்கு வெளிக்கிடச் சொன்னது கடலோர வீதிக்கு மட்டும்தான்.

யானையைக் கண்டால் சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு தூரத்திலேயே நில்லுங்கள். பஸ்ஸோ லொறியோ வந்தால் கை காட்டி அதன் மறைவில் போங்கள். தேத்தண்ணிக் கடையில் முதல் நாள் இரவு எங்கே நின்றது என்று கேட்டால் மரத்தைக்கூடச் சொல்லித் தருவார்கள். காட்டோரத்தில் கூடாரம் அடிக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

செக் பொயின்ற்ல மறிப்பினமா? படம் எடுக்கலாமா?

அடையாள அட்டை, வெளிநாட்டவரென்றால் கடவுச்சீட்டு, கையில் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். எங்கேயிருந்து எங்கே என்று கேட்டால் அன்று தங்கப்போகும் ஊரைச் சொல்லுங்கள். கடற்படைத் தளம், சீனக்குடா விமானப்படைத் தளம், முகாம் வாசல்கள், காவலரண் எதையும் படம் எடுக்க வேண்டாம்.

நடுவழியில சைக்கிள் உடைஞ்சா? கொழும்பில இருந்து சைக்கிளை எப்பிடிக் கொண்டுவாறது?

ஒட்டுப் போடத் தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. மிச்சத்துக்கு எந்தச் சந்தியிலும் ஒரு சைக்கிள் கடை இருக்கும். அதுவும் ஏலாவிட்டால் கை காட்டுங்கள். லான்ட் மாஸ்டர் என்கிற கை உழவு மெசினின் பெட்டியில் இரண்டு சைக்கிளும் இரண்டு ஆளும் நெல் மூட்டைக்கு மேலே ஏறிப் போகலாம். பஸ்ஸில் கூட்டம் இல்லாவிட்டால் நடத்துநர் பின்னால் ஏற்றுவார், அதற்குத் தனிக் காசு.

ரயிலில் பயணிகள் பெட்டிக்குள் ஏற்ற விடமாட்டார்கள், பார்சலாகப் பதிய வேண்டும். உங்களோடு அதே ரயிலில் வருமா என்று முதல் நாளே நிலையத்தில் கேளுங்கள். ஆற்றையோ வாவியையோ படகில் கடக்க நேர்ந்தால் கூட்டம் ஏறிய படகில் ஏறாதீர்கள். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள்.

அவர் முன்னுக்குப் பறக்கிறார், நான் பின்னுக்குக் கிடந்து இழுபடுறன். என்ன செய்யிறது?

மெதுவாக ஓடுகிறவர் முன்னால். வேறு பேச்சில்லை. பின்னால் வருகிறவர் வேகத்தைக் குறைக்கலாம், முன்னால் போகிறவருக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாது. எதிர்க்காற்றில் மட்டும் இதை மாற்றி, பலசாலி முன்னால் போய்க் காற்றை மறைக்கட்டும். சுமையில் பாரமானதையும் அவர் கட்டிக்கொள்ளட்டும்.

சோடிகளின் சண்டை பெரும்பாலும் பதினொரு மணிக்கு வரும், பசியில். கச்சான் கடலையோ வாழைப்பழமோ கொடுத்துவிட்டுப் பிறகு கதையுங்கள். தீராவிட்டால் வீட்டுப் படலைக்கு முன் ஒரு கிலோமீற்றரில் நிறுத்தித் தீர்த்துவிட்டுப் போங்கள். முறைத்துக்கொண்டு போனால் அந்த வீட்டு அம்மா உங்களைச் சமாதானப்படுத்தவே இரவைச் செலவழிப்பார்.

யுத்தம், சுனாமி பற்றியெல்லாம் கேட்கலாமா?

நீங்களாகக் கேட்க வேண்டாம். ஹோல் சுவரில் மாலை போட்ட படம் இருக்கும். பார்த்துவிட்டுப் பேசாமல் இருங்கள். இந்தக் கரை முழுக்க 2004 டிசெம்பர் 26ஐப் பார்த்தது. சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து, பலர் 2015க்குப் பிறகுதான் சொந்தக் காணிக்குத் திரும்பினார்கள். சாப்பிட்டு முடிந்து வெளியே கதிரை போட்டு இருக்கும்போது அவர்களே தொடங்கினால் கேளுங்கள். இடையில் உங்கள் கருத்தைச் செருகாதீர்கள், போனில் பதியாதீர்கள். அதைப் பயணக் கதையாக எழுதவும் வேண்டாம், அவர்கள் எழுதச் சொன்னாலொழிய.

ஒரு இரவெண்டு போனம், இன்னொரு நாள் நில்லுங்கோ எண்டு மறிச்சா?

மறிப்பார்கள். 1660இல் மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரக் குடாவில் கப்பலைத் திருத்த ஒதுங்கிய ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸைக் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துப் போனார்கள். அவர் தப்பிப் போனது 1679இல். கொட்டியாரத்தில் யாரும் “நில்லுங்கோ” என்றால் கணவர் உடனே இந்தக் கதையை எடுத்துவிடுவார்.

வாயால் சொல்வதற்கும் மனத்தால் சொல்வதற்கும் வித்தியாசம் தெரியும். வீட்டுக்காரர் நாளைக்கு வேலைக்குப் போகிறாரா, பிள்ளைக்குப் பரீட்சையா, தண்ணீர் தட்டுப்பாடா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அடுத்த வீட்டுக்குச் சொல்லியாயிற்று என்று சொல்லி வெளிக்கிடுங்கள். அதுதான் ஒருவரையும் நோகடிக்காத காரணம், பெரும்பாலும் உண்மையும்கூட. உண்மையாகவே நிற்கச் சொன்னால் நில்லுங்கள், ஆனால் அடுத்த நாள் தேங்காய் துருவவும் முற்றம் கூட்டவும் இறங்குங்கள். இரண்டாம் நாளிலிருந்து நீங்கள் விருந்தாளி இல்லை.

எங்கட வீட்டிலயும் சைக்கிள்காரரைத் தங்கவைக்க விருப்பம். என்ன ஆயத்தம் செய்யவேணும்?

கட்டில் தேவையில்லை. மின்விசிறி, நுளம்பு வலை, பாய், சைக்கிள் விட ஒரு மூலை. வந்தவுடன் குளிக்கத் தண்ணீர், பிறகு சாப்பாடு, அதற்குப் பிறகுதான் கதை. களைத்து வந்தவர்களை அயலவர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருக்காதீர்கள். எட்டரைக்கே படுக்கப் போவார்கள், குறைநினைக்கக் கூடாது. விடிய நான்கரைக்கு எழும்பிப் பிட்டு அவிக்கவும் வேண்டாம். இரவே பாணும் சம்பலும் வாழைப்பழமும் மேசையில் மூடி வைத்து, கேத்தலையும் காட்டிவிடுங்கள்.

வெளிநாட்டவர் வந்தால் நாங்கள் கடவுச்சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கிராம சேவகருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். அயலில் யாராவது கேட்டாலும் பதில் இருக்கும். பிடிக்காத நாளில் ஏலாது என்று சொல்லவும் பழகுங்கள். வீட்டில் வருத்தமென்றோ செலவு கூடின மாதமென்றோ காரணம் சொல்லத் தேவையில்லை, “இந்த முறை வசதிப்படாது, அடுத்த முறை வாருங்கோ” என்றால் சைக்கிள்காரருக்கு விளங்கும். அவர்கள் இன்னொரு வீடு பார்க்க நேரம் இருக்கும்படி, கேட்ட அன்றே சொல்லிவிடுங்கள்.